நூறு கிராமுக்குள் ஓர் இதழ்

சேலத்திலிருந்து நாங்கள் ஒரு காலாண்டுச் சிற்றிதழ் நடத்துகிறோம், அதனால் எங்கள் வீட்டுச் சமையலறைத் தராசுக்கு வருடத்தில் நான்கு நாள் இதழ் வேலை உண்டு. எந்தக் காகிதத்தில் அடிக்கப்போகிறோமோ அதே வெற்றுத்தாளை அச்சகத்திலிருந்து முன்கூட்டியே வாங்கிவந்து, பக்கக் கணக்குக்கு மடித்து, அட்டை போட்டு, உறையில் இட்டு, விலாசச் சீட்டும் ஒட்டி ஒரு டம்மி செய்துவிடுவேன். அதைத் தராசில் வைத்து 93 கிராம் என்று பார்த்தால் வேலையைத் தொடரலாம். 101 என்றால் ஒரு கட்டுரை அடுத்த இதழுக்குப் போகும். அஞ்சல் கட்டணம் எடைப் படிகளில் ஏறுகிறது, 100 கிராம் அதில் ஒரு படி. ஒரே ஒரு கிராம் கூடினாலும் அடுத்த படிக்கான காசைக் கட்ட வேண்டும். அதைச் சந்தாதாரர் எண்ணிக்கையால் பெருக்கினால் ஒரு கதாசிரியருக்குக் கொடுக்க வேண்டிய சன்மானம் தபாலுக்குப் போயிருக்கும்.

கட்டுரையை நிறுத்துப் பார்த்து வாங்குகிற ஆசிரியர் என்று நண்பர்கள் கேலி செய்கிறார்கள். செய்யட்டும். சேலத்தில் புதிதாக இதழ் தொடங்க ஆசைப்பட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் யோசிக்கிறார்கள்: பெயர், அதற்கு ஒரு லோகோ, முதல் இதழுக்கு யாரிடம் கவிதை கேட்பது, அட்டைக்கு யார் ஓவியம். விநியோகம் என்ற சொல் தேநீர் குடித்து முடித்துக் கிளம்பும்போதுதான் வாயில் வரும். நான் அங்கிருந்துதான் தொடங்கச் சொல்வேன். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, காசு கொடுத்து இதழை வாங்குவார்கள் என்று நீங்கள் நம்புகிறவர்களின் பெயரை விலாசத்தோடு எழுதுங்கள். நண்பர்கள், நண்பர்களின் நண்பர்கள், கல்லூரி நூலகங்கள், ஊர் வாசகர் வட்டங்கள் எல்லாம் சேர்த்து எத்தனை வருகிறதோ, அதை ஒட்டித்தான் எத்தனை பிரதி அடிப்பது, எத்தனை பக்கம், என்ன விலை என்பதெல்லாம்.

இது புது யோசனை ஒன்றுமில்லை. சி.சு. செல்லப்பா 1959-இல் ‘எழுத்து’ இதழைத் தொடங்கியபோது இரண்டாயிரம் பிரதிக்கு மேல் அச்சிடுவதில்லை என்று வரம்பு கட்டிக்கொண்டார், நேர்ச் சந்தாவை நம்பினார். அந்த வரம்பைக் கொள்கைப் பிடிவாதம் என்றுதான் பலர் படிக்கிறார்கள். எனக்கு அது கணக்குத் தெரிந்தவரின் முடிவாகவும் படுகிறது. சேலத்துக்கும் இந்தக் கதையில் பங்குண்டு. கவிஞர் சி. மணியின் முன்முயற்சியில் 1968-இல் ‘நடை’ என்ற காலாண்டிதழ் இங்கிருந்துதான் புறப்பட்டது. எட்டு இதழ்களோடு நின்றுபோனாலும் புதுக்கவிதை பற்றிப் பேசுகிறவர்கள் அதைத் தாண்டிப் போக முடிவதில்லை. எட்டு இதழ் என்றால் தோல்வி என்று நினைக்க வேண்டாம். எட்டு காலாண்டு என்பது இரண்டு வருடம், இரண்டு வருடத்துக்கான காகிதமும் உழைப்பும்.

இப்போது கணக்கைப் பார்ப்போம். நாங்கள் வைத்திருப்பது ஒன்றுக்கு எட்டு டெம்மி, அதாவது டெம்மி என்ற அளவுத் தாளில் எட்டில் ஒரு பங்கு, சுமாராக ஐந்தரைக்கு எட்டரை அங்குலம். டெம்மித் தாள் ஒன்றின் இரு பக்கமும் அடித்து மடித்தால் 16 பக்கம் வரும். அச்சகத்தில் அதற்குப் பெயர் ஃபாரம். 64 பக்கம் என்றால் நான்கு ஃபாரம், ஒரு பிரதிக்கு நான்கு தாள். 500 பிரதிக்கு 2000 தாள், அதாவது நான்கு ரீம். மிஷின் ஓடி மை சீராகும்வரை வீணாகும் தாளுக்காக அதன்மேல் கொஞ்சம் சேர்த்துக்கொள்ள வேண்டும். 70 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 70 கிராம்) மேப்லித்தோ தாளில் உள்பக்கங்கள் 68 கிராம், 250 ஜிஎஸ்எம் ஆர்ட் கார்டு அட்டை 15 கிராம், உறை 10 கிராம். தராசு 93 காட்டுவது இப்படித்தான். அரை ஃபாரம், வெறும் எட்டே பக்கம் கூட்டிப் பாருங்கள், 101-ஐத் தொட்டுவிடும். பக்க எண்ணிக்கையை ஆசிரியர் தீர்மானிக்கிறார் என்று வாசகர்கள் நினைக்கிறார்கள். பாதி தீர்மானம் தாளை மடிக்கும் கணக்கிலும் மீதி தபால் படியிலும் இருக்கிறது.

செலவில் இரண்டு வகை. டிடிபி என்கிற கணினித் தட்டச்சு, வடிவமைப்பு, பிளேட் என்கிற அச்சுத் தகடு, மிஷினில் பிளேட் ஏற்றி மை சரிபார்க்கும் கூலி எல்லாம் நூறு அடித்தாலும் ஆயிரம் அடித்தாலும் ஒன்றே. டெம்மி மிஷினில் ஒரு ஃபாரத்துக்கு முன்னும் பின்னுமாக இரண்டு பிளேட், நான்கு ஃபாரத்துக்கு எட்டு. அட்டை மல்டிகலர் என்பதால் நான்கு நிறத்துக்கு நான்கு. ஆக ஒரே ஒரு பிரதி அடிக்க நினைத்தாலும் பன்னிரண்டு பிளேட் வேண்டும். காகிதமும் பைண்டிங்கும் மட்டுமே பிரதிக்குப் பிரதி கூடுவது. அச்சகத்தில் நமக்கு வலை விரிப்பதும் இந்த இடத்தில்தான். “சார், பிளேட் போட்டாச்சு. இன்னும் ஐநூறு அடிச்சா பேப்பர் காசு மட்டும்தானுங்க” என்பார்கள். பொய் சொல்லவில்லை. ஒரு பிரதியின் அடக்கவிலை உண்மையிலேயே இறங்கும். ஆனால் அந்த ஐநூறும் கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டால், இறங்கிய விலையால் யாருக்கு என்ன லாபம்? எங்கள் மூன்றாம் இதழில் அந்தப் பேச்சுக்கு மயங்கினேன். அதன் கட்டுகள் இரண்டு இன்னும் பரணில் இருக்கின்றன, பல்லி முட்டையோடு. இருநூறு, முந்நூறு பிரதி போதுமென்றால் பிளேட்டே வேண்டாம், டிஜிட்டலில் அடித்துக்கொள்வதுதான் மலிவு. புதியவர்கள் முதல் இரண்டு இதழையாவது அப்படிப் போடுவது நல்லது.

காகிதம் நமக்குத் தூரத்துச் சரக்கு அல்ல. பள்ளிபாளையத்தில் சேஷசாயி ஆலை இருக்கிறது, கரூர்ப் பக்கம் புகளூரில் கரும்புச் சக்கையிலிருந்து தாள் செய்யும் டிஎன்பிஎல் இருக்கிறது. இரண்டும் பஸ் ஏறினால் போய்ப் பார்த்துவிடும் தூரம். அதனால் விலை குறையும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். நான்கு ரீம் வாங்குகிறவனை மொத்த வியாபாரி ஆளாகவே எடுத்துக்கொள்வதில்லை. கவனிக்க வேண்டியது வேறு. நான்கு ரீமும் ஒரே ஆலையின் ஒரே சரக்கா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் முதல் 32 பக்கம் பால் வெள்ளையாகவும் பின் 32 பக்கம் நீலம் கலந்த வெள்ளையாகவும் வந்து நிற்கும். தாளின் இழை முதுகுக்கு இணையாக ஓடுகிறதா என்றும் பார்க்க வேண்டும். குறுக்கே ஓடினால் இதழ் விரித்த இடத்தில் நிற்காது, கையை எடுத்ததும் மூடிக்கொள்ளும்.

இதெல்லாம் தெரிந்தபின் உள்ளடக்கத்துக்கு வருவோம். ஒரு காலாண்டிதழுக்கு மூன்று மாதம் தாராளம் என்று தோன்றும். எங்கள் ஏற்காடு காபிக் கட்டுரைக்கு ஒன்றரை வருடம் ஆனது. சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820-களில் சேர்வராயன் மலையில் காபியைக் கொண்டுவந்ததிலிருந்து இன்றைய சிறு தோட்டக்காரர்வரை எழுதுவதாகத் திட்டம். எழுத்து ஆறு வாரத்தில் தயார். படம்தான் ஆட்டம் காட்டியது. அராபிகாச் செடி மார்ச், ஏப்ரலில் கோடைமழை ஒன்று நன்றாகப் பெய்த எட்டுப் பத்து நாளில் பூக்கும். மலைக்காரர்கள் அந்த மழையைப் பூமழை என்கிறார்கள். பூ இரண்டு மூன்று நாளில் வாடிவிடும். பழம் சிவப்பது நவம்பருக்கு மேல். பூவும் பழமும் ஒரே கட்டுரையில் வேண்டுமென்றால் இரண்டு பருவம் காத்திருக்க வேண்டும். முதல் வருடம் தோட்டத்திலிருந்து போன் வந்தபோது எங்கள் புகைப்படக்காரர் ஒரு கல்யாண ஆர்டரில் மாட்டிக்கொண்டிருந்தார். மறுநாள் இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போனால் செடியடியில் பழுப்பேறிய இதழ்கள் கொட்டிக் கிடந்தன. அடுத்த மார்ச்சுக்குத்தான் அந்த வெள்ளை கிடைத்தது. அதன்பிறகு பருவத்தை ஒட்டிய விஷயங்களுக்குத் தனியாக ஒரு பக்கம் நோட்டில் வைத்திருக்கிறேன்: மாம்பழம் எப்போது, ஆடிப் பண்டிகை எப்போது, காபி எப்போது. படம் இந்த வருடம், கட்டுரை அடுத்த வருடம். இன்னொன்று, படங்களை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும். போனில் பளிச்சென்று தெரிவது அச்சில் சாம்பலாகும். டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள், கெஞ்சியாவது.

அதே கட்டுரையில் எடிட்டிங் பற்றியும் ஒரு பாடம் படித்தோம். மெய்ப்புப் பார்க்க உதவிய வெளியூர் நண்பர் ஒருவர், ‘மலையாளி குடும்பங்கள்’ என்று வந்த இடத்திலெல்லாம் ‘கேரளத்திலிருந்து வந்த குடும்பங்கள்’ என்று மாற்றிவிட்டார். சேர்வராயன் மலையின் பழங்குடிகளுக்குப் பெயரே மலையாளி. கேரளத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. அவர் மீது தவறில்லை, சேலத்துக்கு வெளியே யாரும் அப்படித்தான் படிப்பார்கள். தவறு எங்களுடையது, முதல் முறை வரும்போதே ஒரு வாக்கியத்தில் சொல்லியிருக்க வேண்டும். கடைசி மெய்ப்பில் கண்ணில் பட்டது. பட்டிருக்காவிட்டால் மலையில் தலைகாட்டியிருக்க முடியாது. மெய்ப்பை இரண்டு பேர் பார்க்க வேண்டும், ஒருவர் ஊர்க்காரர், ஒருவர் வெளியூர்க்காரர் என்பது எங்களுக்கு அன்றிலிருந்து விதி.

தமிழில் இதழ் போடுகிறவர்களுக்கென்றே தனியாக ஒரு தலைவலி இருக்கிறது, எழுத்துரு. மூத்த எழுத்தாளர்கள் சிலர் இன்றும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து அனுப்புகிறார்கள். வேறு சிலர் ‘தாம்’ (TAM) என்ற எழுத்துருவில். அது 1999-இல் சென்னையில் நடந்த இணைய மாநாட்டை ஒட்டித் தரப்படுத்தப்பட்ட குறியீடு. இளையவர்கள் போனில் யூனிகோடில் அடிக்கிறார்கள். மூன்றையும் ஒன்றாக்க வேண்டும். பாமினியில் கண்ணுக்குத் தெரியும் வரிசையில், கொம்பை முதலில் அடித்து எழுத்தைப் பிறகு அடிப்பார்கள். யூனிகோடில் எழுத்து முதலில், கொம்பு பின்னால். எழுத்துரு மாற்றியில் போட்டு எடுத்தால் பெரும்பாலும் சரியாக வரும், ஆனால் ‘கௌரவம்’ என்பது ‘கெளரவம்’ ஆகிவிடும். முதலாவதில் இருப்பது ஔகாரக் குறி, இரண்டாவதில் இருப்பது ளகரம். அச்சில் வித்தியாசம் தெரியாது. ஆனால் இதழின் மின்பதிப்பில் அந்தச் சொல்லைத் தேடினால் கிடைக்காது. துணைக்கால் இருக்க வேண்டிய இடத்தில் ரகரம் உட்கார்ந்து ‘காலம்’ என்பது ‘கரலம்’ ஆவதும் இந்த வகையில் சேர்த்தி. பக்கம் கட்டும் மென்பொருளான இன்டிசைனில் யூனிகோடைக் கொட்டும்போது வேர்ல்டு ரெடி கம்போசர் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்புகள் எல்லாம் தனித்தனியாகப் புள்ளி வட்டத்தோடு நிற்கும். பக்கம் கட்டி முடித்தபின் கதாசிரியர் ‘ஒரே ஒரு பத்தி மட்டும் மாற்றிக்கொள்ளட்டுமா’ என்று கேட்பது இந்த நேரத்தில்தான். நான் இப்போதெல்லாம் மாட்டேன் என்று சொல்லப் பழகிவிட்டேன்.

பக்க வடிவமைப்பில் ஒரே ஒரு ஆலோசனைதான். சிறிய அளவு இதழில் பக்கத்தை நெடுக்காக இரண்டு பத்தியாகப் பிரிக்காதீர்கள். தமிழ்ச் சொல் நீளமானது. ‘எழுதிக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்’ என்று ஒரு சொல் வந்து குறுகிய பத்தியில் விழுந்தால் மேல்வரி பல்விழுந்த வாய் மாதிரி இடைவெளியாகிவிடும்.

அச்சகத்துக்குப் போகும் தேதியை ஆசிரியர் குழு தீர்மானிக்கிறது என்பதும் ஒரு மாயைதான். சேலத்தில் ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் பண்டிகை. அந்த வாரங்களில் மிஷின்மேனும் பைண்டரும் கையில் கிடைக்க மாட்டார்கள். ஆவணியிலும் தையிலும் முகூர்த்தப் பத்திரிகை குவியும். நவம்பர் முடிந்தால் காலண்டர், டைரி. தேர்தல் வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். நம்முடைய நான்கு ரீம் வேலை எப்போதும் வரிசையின் கடைசியில் நிற்கும். எனவே டிசம்பர் இதழ் நவம்பர் முதல் வாரமே அச்சுக்குப் போகிறது. ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி இருக்கிறதே, அதைத் தவறவிட்டால் வருடத்தின் பெரிய சந்தை போய்விடும்.

அச்சகத்தில் நின்று பார்த்தே ஆக வேண்டியது இரண்டு. அட்டையில் நான்கு நிறமும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்கார்கிறதா என்பது ஒன்று. முகத்தின் ஓரத்தில் சிவப்புக் கோடு தனியாகத் தெரிந்தால் மிஷினை நிறுத்தச் சொல்லலாம், கூச்சப்பட வேண்டியதில்லை. மற்றது பைண்டிங். எங்கள் இதழ் ஒன்றில் ஏறக்குறைய நாற்பது பிரதிகளில் மூன்றாம் ஃபாரம் இருமுறை சேர்ந்து நான்காவது விடுபட்டுப்போனது. அடுக்குகிறவர் கை மாறியிருக்கிறது, நானும் அன்று போகவில்லை. 48-ஆம் பக்கத்தில் பாதியில் நின்ற கதை, 33-க்குத் திரும்பி மறுபடி நடுவிலிருந்து ஓடுகிறது. ஆத்தூரிலிருந்து ஒரு வாசகர் கடிதம் போட்டிருந்தார்: கதையைத் திரும்பச் சொல்லும் உத்தி தமக்குப் பிடித்திருந்ததாகவும், ஆனால் முடிவு இன்னும் கொஞ்சம் தெளிவாக இருந்திருக்கலாம் என்றும். கதாசிரியரிடம் அந்தக் கடிதத்தை நான் காட்டவில்லை. இதைத் தடுக்க எளிய வழி இருக்கிறது. ஒவ்வொரு ஃபாரத்தின் முதுகு மடிப்பிலும் ஒரு கறுப்புக் கட்டம் போட வேண்டும், ஃபாரத்துக்கு ஃபாரம் கொஞ்சம் கீழே இறக்கி. அடுக்கியதும் முதுகைப் பார்த்தால் கட்டங்கள் மாடிப்படிபோல் சரிவாக இறங்கும். ஒரு படி குதித்தாலோ இரண்டு படி ஒரே மட்டத்தில் நின்றாலோ ஒட்டும்முன் கண்டுபிடித்துவிடலாம். அட்டை ஒட்டினால் கட்டம் மறைந்துவிடும்.

சட்டப் பக்கம். 1867-ஆம் ஆண்டுச் சட்டத்தின் காலம் முடிந்து, 2023-இல் இயற்றப்பட்ட பத்திரிகைப் பதிவுச் சட்டம் 2024 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கிறது. முன்பு தில்லியில் தலைப்புச் சரிபார்ப்பு, கலெக்டர் அலுவலகத்தில் உறுதிமொழி, மறுபடி தில்லியில் பதிவு என்று படிப்படியாக அலைய வேண்டும். இப்போது தலைப்புக்கும் பதிவுக்கும் சேர்த்தே இணையத்தில் விண்ணப்பிக்கலாம். அதே மொழியில் நாட்டில் எங்காவது, அல்லது இதே மாநிலத்தில் வேறு மொழியில், ஒத்த தலைப்பு இருந்தால் கிடைக்காது. நல்ல தமிழ்ச் சொற்களை எல்லாம் யாரோ எப்போதோ பதிந்து வைத்திருக்கிறார்கள். நாங்கள் முதலில் ஆசைப்பட்ட மூன்றும் அப்படித்தான் கைநழுவின. அச்சிட்டவர், வெளியிடுபவர், ஆசிரியர் பெயர்களும் இடமும் ஒவ்வொரு பிரதியிலும் இருக்க வேண்டும். ‘தனிச்சுற்றுக்கு மட்டும்’ என்று அட்டையில் ஒரு வரி போட்டுவிட்டுப் பதிவில்லாமலே ஓட்டிய சிற்றிதழ்கள் தமிழில் ஏராளம். அந்த வரிக்கு ஒரு கவர்ச்சி இருப்பது உண்மைதான், ஆனால் அது காப்புத்தாயத்து இல்லை. கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா, மும்பை, தில்லி நூலகங்களுக்கு ஆளுக்கொரு பிரதி அனுப்புவதும் கடமை. அதைச் சுமையாக நினைக்காதீர்கள், நம் பரணைவிட அங்கே பத்திரமாக இருக்கும்.

தபாலில்தான் காலாண்டிதழ்காரனுக்கு அடி. பதிவு பெற்ற செய்தித்தாள் என்ற சலுகையில் 50 கிராமுக்கு மேல் 100 கிராம் வரையிலான ஒரு பிரதி 50 காசுக்குப் போகும். ஆனால் 31 நாளுக்கு மிகாத இடைவெளியில் வருகிற வெளியீட்டுக்குத்தான் அது. மாத இதழ் காசுக் கணக்கில் பயணம் செய்கிறது, நாங்கள் ரூபாய்க் கணக்கில். தொலையாமல் சேரட்டும் என்று சிலருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிக்கொண்டிருந்தோம். 2025 செப்டம்பர் 1 முதல் அது ஸ்பீடு போஸ்ட்டோடு இணைந்துவிட்டது. சந்தா வசூல் ஜிபேயால் சுலபமாகிவிட்டது என்பார்கள். காசு வந்துவிடுகிறது, விலாசம் வருவதில்லை. ‘முருகன் எம்’ என்ற பெயரில் நானூறு ரூபாய் வந்து கிடக்கிறது, எந்த முருகன்?

கடைக்குக் கொடுப்பதன் கணக்கு இது. விலை 100, அச்சு, காகிதம், பைண்டிங் எல்லாம் சேர்ந்து அடக்கம் 40 என்று வைத்துக்கொள்வோம். கடைக்குக் கமிஷன் 40 போனால் கைக்கு வருவது 60. அதில் அடக்கம் போக நிற்கும் இருபதில் ஆம்னி பஸ் பார்சல் கூலி, சன்மானம், வடிவமைப்பு, விற்காமல் திரும்பும் பிரதிகளின் நஷ்டம் அத்தனையும் அடங்க வேண்டும். மூன்று பிரதியில் ஒன்று திரும்பினாலே அந்த இருபது முழுக்கப் போய்விடும். சந்தாதாரருக்கு நேரே அனுப்பினால் கமிஷன் இல்லை, தபால் செலவு மட்டும்தான், திரும்பவும் வராது. இதழுக்கு ஜிஎஸ்டி கிடையாது என்று சந்தோஷப்படலாம், ஆனால் காகிதத்துக்குக் கட்டிய ஜிஎஸ்டியைத் திரும்ப எடுக்கவும் அதனாலேயே வழி கிடையாது. இத்தனைக்குப் பிறகும் கடையை நான் விடவில்லை. நோட்டில் இல்லாத பெயர்கள் அங்கேதான் முளைக்கின்றன. சேலம் புத்தகத் திருவிழாவில் தட்டுவடை செட் வாங்கக் காத்திருந்த நேரத்தில் இதழைப் புரட்டிவிட்டுச் சந்தா கட்டியவர்கள் இருக்கிறார்கள்.

போன மாதம் பழைய பஸ் நிலையம் பக்கமிருந்து ஒரு கடையின் கணக்கு வந்தது. பத்து கொடுத்ததில் மூன்று விற்பனை, ஏழு ரிட்டர்ன். கட்டைப் பிரித்து எண்ணும்போது ஒரு பிரதியின் ஓரங்கள் மட்டும் கசங்கியிருந்தன. விரித்தால், காபிக் கட்டுரையில் நான்கைந்து வரிகளுக்குக் கீழே பென்சில் கோடு. பூமழை என்ற சொல்லைச் சுற்றி ஒரு வட்டம். யாரோ கடையிலேயே நின்று முழுசாகப் படித்துவிட்டுத் திரும்ப வைத்துவிட்டுப் போயிருக்கிறார். கணக்கு நோட்டில் அதையும் விற்காத பிரதி என்றே எழுதிக்கொண்டேன்.